ஐந்தாவது லேன்

மிரான் நீண்ட விசில் ஊதிவிட்டாள். எட்டுப் பெண்களும் குதிமேடையில் ஏறியாயிற்று. விசிலை வாயிலிருந்து எடுத்த கையோடு அவள் வலக்கையை என் பக்கமாக நீட்டுகிறாள், நீட்டிய கையை அப்படியே வைத்திருக்கிறாள். நடுவர் அவள், ஸ்டார்ட்டர் நான். அந்தக் கை நீண்டுவிட்டால் பந்தயம் அவளிடமிருந்து என்னிடம் வந்துவிட்டது என்று அர்த்தம். மைக்கில் 'தயார்' என்று சொல்லி, எட்டு உடம்பும் ஆடாமல் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, பித்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. ஒரு காலத்தில் கொரியாவுக்காக ஒலிம்பிக்கில் நீந்தப்போனவள் நாற்பத்தொரு வயதில் பித்தான் அழுத்துகிறாள். பரவாயில்லை, யாராவது அழுத்தத்தானே வேண்டும். உல்சான் நகரத்துப் பள்ளிகளுக்கிடையே நடக்கிற போட்டி, பெண்கள் ஐம்பது மீட்டர் ஃப்ரீஸ்டைல், இறுதிச் சுற்று. முதலில் வருகிற ஒரே ஒரு பெண்தான் தேசிய விளையாட்டு விழாவுக்குப் போவாள். அங்கே ஒரு பதக்கம் வாங்கினால் பல்கலைக்கழகத்தில் இடம், வாங்காவிட்டால் பன்னிரண்டு வருடக் காலை நேரங்களும் போனது போனதுதான். நான்காவது லேனில் நிற்கிற சோயுலுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். காலையில் கைகழுவும் இடத்தில் என்னைப் பார்த்து இடுப்புவரை குனிந்து வணக்கம் சொன்னாள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். "உள்ள இறங்கலைங்க" என்றாள். எனக்கும் அந்த வயதில் இறங்காது. சோறு நெஞ்சுக்கு நடுவில் நின்றுகொண்டு நானா நீயா என்று பார்க்கும்.

'தயார்' என்கிறேன். எட்டு முதுகும் வளைகின்றன. ஸ்டார்ட்டர் ஒருத்தரை மட்டும் பார்க்கக் கூடாது, எட்டுப் பேரையும் பார்க்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணைப் பொதுவாக விரித்து வைத்துக்கொண்டால் யார் அசைந்தாலும் அந்த அசைவு தானாக வந்து கண்ணில் விழும். எனக்கு அது நன்றாக வரும், நல்ல ஸ்டார்ட்டர் என்று பெயர். ஆனால் இன்றைக்கு என் கண் நான்காவது லேனில் போய் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு நானும் நான்காவது லேன். வேண்டாம், அதை இப்போது எடுக்காதே. குளோரின் வாசனை மூக்கின் பின்பக்கம் ஏறுகிறது. மேலே பெற்றோர் வரிசையில் யாரோ இருமலை அடக்குகிறார்கள். குளத்தின் விளிம்பில் தண்ணீர் களக் களக்கென்று வடிகிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், எல்லோரும் அடங்கட்டும். பின்னால் ஊன்றியிருந்த சோயுலின் வலது குதிகால் மேலே எழும்பியது. தோள் ஒரு விரற்கடை முன்னே சாய்ந்தது. என் கட்டைவிரல் அதற்குள் இறங்கிவிட்டது. ஒலி. எட்டுப் பேரும் தண்ணீருக்குள் போய்விட்டார்கள். எது முதலில்? குதிகாலா, விரலா? குதிகால். குதிகால்தான். இல்லை, இரண்டும் சேர்ந்தேகூட இருக்கலாம். சேர்ந்தே இருந்தது என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்?

யாராவது முன்கூட்டி அசைந்தால் ஒலி கொடுக்காமல் 'எழுந்து நில்லுங்கள்' என்று சொல்லி எல்லோரையும் நிமிர வைக்கலாம். அதற்கு என் விரல் நேரம் தரவில்லை. ஒலி வந்துவிட்டால் பந்தயம் ஓடி முடிய வேண்டியதுதான், முடிந்த பிறகுதான் தீர்ப்பு. அதற்கு எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நடுவரிடம் ஒரு தாள், ஸ்டார்ட்டரிடம் ஒரு தாள், இரண்டிலும் எட்டு லேனும் எட்டுப் பெயரும் அச்சடித்திருக்கும். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, பார்த்துக்கொள்ளவும் கூடாது. யார் முந்தினார் என்று தோன்றுகிறதோ அந்த எண்ணைச் சுற்றிப் பென்சிலால் அவரவர் வட்டம் போட வேண்டும். பிறகு தாள்களைச் சேர்த்துப் பார்ப்போம். இரண்டிலும் ஒரே எண்ணில் வட்டம் இருந்தால் அந்தப் பெண் தகுதி நீக்கம். ஒன்றில் இல்லாவிட்டாலும் அவள் தப்பித்தாள். ஆக என் பென்சில் சும்மா இருந்தாலே போதும். சும்மா இருப்பது ஒன்றும் எனக்குப் புதிதல்ல, பத்தொன்பது வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். மிரான் இந்தப் பக்கம் திரும்பவில்லை. குளத்தைப் பார்த்தபடி தாளில் ஏதோ எழுதினாள், அல்லது எழுதுவதுபோல எனக்குத் தோன்றியது.

சோயுல் பதினைந்தாவது மீட்டரில் மேலே வந்துவிட்டாள், முன்னால் இருக்கிறாள், நல்ல கை. நான் நான்காவது லேனில் நின்ற அன்றைக்கு ஒலி கொடுத்தவர் ஒரு வயதானவர், பெயர்கூட நினைவில்லை, மூக்குதான் நினைவிருக்கிறது. பித்தானை அழுத்துவதற்கு ஒரு கணம் முன்னால் அவர் மூக்கை லேசாக உறிஞ்சுவார். மைக் வாயருகே இருப்பதால் அது எங்களுக்கு மெல்லக் கேட்கும். அவருக்கே தெரியாத பழக்கம். மூன்று பருவம் அவர் கையில் குதித்த பிறகு நான் கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை, பயிற்சியாளரிடம்கூட. ஐம்பது மீட்டர் நீந்துகிறவளுக்குத் திரும்பி மூச்சு வாங்க நேரம் கிடையாது, பின்தங்கினால் எட்டிப் பிடிக்க நேரம் கிடையாது, எல்லாமே கிளம்புவதில்தான். மற்றவர்கள் ஒலிக்காகக் காத்திருப்பார்கள், நான் மூக்குக்காகக் காத்திருப்பேன். அதில் தப்பு என்ன, காது இருக்கிறது, கேட்டது. ஒலிம்பிக்குக்கு ஒரே ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கிற அந்தப் பந்தயத்தன்று அவருக்கு ஜலதோஷம். 'தயார்' என்றார். உறிஞ்சினார். என் குதிகால் எழும்பிவிட்டது. ஒலி வரவில்லை. அந்த வெறுமை எனக்கு இப்போதும் தெரியும், மாடிப்படியில் இன்னொரு படி இருக்கிறதென்று காலை வைத்து அங்கே படி இல்லாமல் போவது போல. எடை முழுவதும் விரல் நுனிக்கு வந்துவிட்டது, திரும்பப் போக வழியில்லை, முடிந்தது என்று நினைத்தேன், அப்போதுதான் ஒலி வந்தது. நான் வேண்டுமென்று அசையவில்லை. வேண்டுமென்றுதான் மூக்கைக் கேட்டேன், வேண்டுமென்று அசையவில்லை. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் 25.94. ஐந்தாவது லேனில் மிரான் 25.96. அவளுக்கு இருபது வயது, எனக்கு இருபத்திரண்டு. தேசிய அணியின் பயிற்சி முகாமில் என் அறைத் தோழி. இளையவள் என்பதால் என் துண்டையும் நீச்சல் உடையையும் அவள்தான் அலசிப் போட வேண்டும், அது முகாமின் முறை, எனக்கு மூத்தவர்களுடையதை நானும் அலசியவள்தான். அந்தக் காலத்துப் பந்தய உடை உடம்பு முழுக்க இறுக்கிப் பிடிக்கும், ஒருத்தியாகப் போட்டுக்கொள்ள முடியாது. அன்று காலை மிரான் தரையில் மண்டியிட்டு என் தொடையிலிருந்து இம்மி இம்மியாக அதை மேலே இழுத்து ஏற்றினாள். இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு நகம் மடங்கி ரத்தம் வந்தது. "உடையில பட்டுடப் போகுதுக்கா" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளுக்கு நான் ஏற்றிவிட்டேன், பத்தே நிமிடத்தில், எனக்கு அவசரம். ரிசல்ட் தாளில் மொத்த நேரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன எண் இருக்கும், ஒலி வந்தபின் கால் மேடையை விட எவ்வளவு நேரமாயிற்று என்பது. எனக்கு 0.52. பயிற்சியாளர் தோளில் தட்டி, "காதா அது, பாம்புக் காது" என்றார். மிரானுக்கு 0.86. அவள் எப்போதும் 0.70க்குள் கிளம்புகிறவள். அன்றைக்குத் தூங்கிவிட்டாள். என் 0.52 ராத்திரியில் என்னை எழுப்பும்போதெல்லாம் அவளுடைய 0.86ஐ எடுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுப்பேன். நான் முந்தியது இருக்கட்டும், அவள் ஏன் அவ்வளவு பிந்தினாள்? ஒழுங்காகக் கிளம்பியிருந்தால் என்னை அவள் தாண்டியிருப்பாள், நான் அசைந்தாலும் அசையாவிட்டாலும். அவள் தோற்றது அவள் கால்களால். இதை எத்தனை தடவை சொல்லிக்கொண்டிருப்பேன் என்று தெரியாது. சொல்லச் சொல்ல மழுங்கிப் போயும் இன்னும் கையில்தான் வைத்திருக்கிறேன்.

நாற்பது மீட்டர். ஐந்தாவது லேன் பெண் ஏறி வருகிறாள், யாரவள், பெயர் தெரியவில்லை. அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். அம்மா பெண்கள் பொதுக் குளியலறையில் அழுக்குத் தேய்க்கிற வேலை செய்தாள். வெந்நீரில் ஊறி வந்தவர்களைப் பலகையில் படுக்க வைத்து, சொரசொரப்பான சின்னத் துணியைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுத்திலிருந்து குதிகால்வரை தேய்ப்பாள். நான் நீச்சல் கற்றதே அந்தக் குளியலறையின் குளிர்ந்த தொட்டியில்தான், ஆட்கள் இல்லாத மத்தியானங்களில். உடம்பைத் தொட்டே அவள் எல்லாம் சொல்லிவிடுவாள், இந்த அம்மாளுக்கு மருமகளோடு சண்டை, இந்தப் பெண் மூன்று நாளாகத் தூங்கவில்லை என்று. தேர்வுப் பந்தயம் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் என்னையும் பலகையில் போட்டுத் தேய்த்தாள். ஊரே வந்து வாழ்த்திவிட்டுப் போயிருந்தது. முதுகில் ஓடிக்கொண்டிருந்த கை நடுவில் நின்றது. "ஏண்டி இப்படி இறுகிக் கிடக்கு? ஜெயிச்ச உடம்பு மாதிரியே இல்லையே" என்றாள். நான் முகத்தைப் பலகையில் அழுத்திக்கொண்டு, அசதிம்மா என்றேன். அவள் ஒரு குவளை வெந்நீரை மெதுவாக ஊற்றினாள், மறுபடி கேட்கவில்லை. இரண்டு வருடம் முன்னால் அம்மா போனபோது துக்கத்துக்கு மிரான் வந்தாள். கறுப்பு உடையில் இரண்டு முறை விழுந்து வணங்கிவிட்டு, எல்லோரோடும் உட்கார்ந்து காரசாரமான மாட்டிறைச்சி சூப்பைச் சாப்பிட்டு, கடைசிவரை இருந்து பாத்திரம்கூட எடுத்து வைத்தாள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். இழவு வீட்டில் என்னத்தைச் சொல்வது என்று விட்டுவிட்டேன். எனக்குச் சாக்குக்கு எப்போதும் பஞ்சம் வந்ததில்லை.

ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றில் 26.31. நாற்பத்து நான்காம் இடம். என் முகம் தொலைக்காட்சியில் இரண்டு விநாடி வந்ததாம், அம்மா சொன்னாள். அங்கே நான் மேடையில் குனிந்தபோது எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது, அசைந்துவிடுவேனோ என்று. ஆணி அடித்தாற்போல நின்றேன். 0.91க்குக் கிளம்பினேன். மிரானை அனுப்பியிருந்தால் அவள் நன்றாக நீந்தியிருப்பாள், அது சத்தியம். அவளிடமிருந்து எடுத்ததை நான் உபயோகப்படுத்தக்கூட இல்லை. அதற்கப்புறம் இன்னும் நான்கு வருட நீச்சல், இரண்டு தோள் அறுவை சிகிச்சை, பக்கத்து நகரத்து உடற்பயிற்சி மையத்தில் இல்லத்தரசிகளுக்குக் காலை வகுப்பு. மிரான் அந்த வருடமே நீச்சலை விட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, இரண்டாவதாக வந்தவளிடம் யார் கேட்பார்கள். பல வருடம் கழித்து நடுவர் பயிற்சி வகுப்பில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று சிரித்தாள். ஒருவேளை அவளுக்குத் தெரியாது. குனிந்திருக்கிறவளுக்குத் தண்ணீரைத் தவிர என்ன தெரியும்? தெரிந்திருந்தால் இப்படிச் சிரிக்க முடியுமா?

முடிந்துவிட்டது. சோயுல் முதலில் தொட்டுவிட்டாள், ஐந்தாவது லேன் பெண் ஒரு விரல் நீளம் பின்னால். நேரம் காட்டும் பலகையில் எண்கள் ஏறுகின்றன, 26.88, 26.91. சோயுல் லேன் கயிற்றின் மேல் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அவளுடைய பயிற்சியாளர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், சந்தோஷம் தாங்காமல். இந்தப் பெண்ணுக்கு நான் இதைச் செய்யலாமா? பதினெட்டு வயது, உள்ளே இறங்காத சோறு. ஒரு குதிகால், அதுவும் நானே நிச்சயமாகச் சொல்ல முடியாத குதிகால். முடியும். நிச்சயமாகச் சொல்ல முடியும், அதுதான் கஷ்டம். அந்தக் குதிகாலை இந்த உலகத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவள் யார்? வட்டம் போடாவிட்டால் அவள் போவாள், தேசிய விழாவில் மேடையில் ஏறி ஆணி அடித்தாற்போல நிற்பாள், பிறகு ஒரு நாள் நாற்பத்தொரு வயதாகி எங்கேயோ ஒரு பித்தானோடு நிற்பாள். மிரான் விளிம்போரமாக என்னை நோக்கி நடந்து வருகிறாள். தன் தாளை மடித்து மார்போடு வைத்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அந்தப் பெண்ணுக்காக இல்லை, எனக்காக. பென்சில் நான்கைச் சுற்றிவிட்டது. வட்டம் சரியாக மூடவில்லை, மறுபடி ஒரு முறை சுற்றினேன்.

மிரான் தன் தாளை விரித்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுடைய நான்கிலும் வட்டம், சின்னதாக, திருத்தமாக. "சரி, ரெண்டும் ஒண்ணா இருக்கு" என்றாள். அவ்வளவுதான், மேசைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டியதுதான். அவள் திரும்புவதற்குள் என் வாய் திறந்துகொண்டது. "மிரான், அன்னைக்கு நானும் அசைஞ்சேன். தேர்வுப் போட்டியில. ஒலிக்கு முன்னாடி." சொன்ன பிறகு, இதைச் சொல்ல இவ்வளவு சின்ன வாக்கியம்தான் தேவைப்பட்டது என்று கோபமாக வந்தது.

அவள் தாளை நிதானமாக மடித்தாள். "தெரியும்க்கா. உங்க குதிகால் எந்திரிச்சது என் கண்ணு ஓரத்துல தெரிஞ்சுது."

"அப்பவே ஏன் சொல்லலை? அரை மணி நேரம் இருந்துச்சே, புகார் கொடுக்க."

"மூத்தவங்களைப் பத்தி இளையவ போய் எப்படிக்கா சொல்றது? அந்த முகாம்ல?" அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. "நீங்க அசைஞ்சதும், 'எழுந்து நில்லுங்க'ன்னு அவர் சொல்லிடுவாருன்னு நினைச்சேன். சொல்லித்தானே ஆகணும். அதனால கால் விரலைத் தளர்த்திட்டேன். அதுக்குள்ள சத்தம் வந்துடுச்சு."

0.86. இத்தனை வருடம் போர்த்திக்கொண்டு படுத்தது அதைத்தான். அவள் தூங்கவில்லை. விதி என்று ஒன்று இருக்கிறது, யாராவது பார்த்திருப்பார்கள், நிறுத்திவிடுவார்கள் என்று நம்பி ஒரு கணம் நின்றிருக்கிறாள். அந்த ஒரு கணத்தையும் அவளிடமிருந்து எடுத்தது நான்தான். "மன்னிச்சிடு மிரான்" என்றேன். வெட்கமாக இருந்தது, அவள் முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. அவள் தலையை ஆட்டினாள், அது சரி என்றா இப்போது வேண்டாம் என்றா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, "இன்னைக்கு அஞ்சாவது லேன் பொண்ணும் அப்படித்தான் தளர்த்தினா. பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

பார்க்கவில்லை. நான் நான்கை மட்டும்தான் பார்த்தேன். அன்றைக்கும் இன்றைக்கும் நான்கை மட்டும்தான். பலகையை நிமிர்ந்து பார்த்தேன், ஐந்தாவது வரிசையில் சின்ன எண் 0.84. குளத்தில் அந்தப் பெண் இன்னும் வெளியே ஏறவில்லை. கயிற்றை அணைத்துக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் கால்களுக்கு என்ன ஆயிற்று என்று யோசிக்கிறவளைப்போல. தாளில் அவள் பெயரைத் தேடிப் படித்தேன், குவோன் நாரே. மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மிரான் மேசைக்குப் போனாள். பிறகு சோயுலிடம் போய்த் தோளில் கை வைத்துக் குனிந்து ஏதோ சொன்னாள். சோயுல் நிமிர்ந்து முதலில் அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அழுதபடியே, முறை தவறாமல், என் பக்கம் இடுப்புவரை குனிந்தாள். நானும் குனிந்தேன், அவளைவிடக் கீழே. பலகையில் நான்காவது வரிசை காலியாயிற்று, நாரேயின் பெயர் மேலே போயிற்று.

அடுத்தது ஆண்கள் ஐம்பது மீட்டர். பையன்கள் மேடைக்குப் பின்னால் வந்து நின்று கைகளைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். மிரான் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டாள். நான் மைக்கை எடுத்தேன், கட்டைவிரலைப் பித்தானில் வைத்தேன், கண்ணை எட்டுப் பேர் மேலும் பொதுவாக விரித்தேன். அவள் நீண்ட விசில் ஊதினாள். எட்டுப் பேரும் ஏறினார்கள். நாங்கள் சேர்ந்து வேலை செய்கிற இந்த நான்கு வருடத்தில், வருடத்துக்கு ஆறு போட்டி, போட்டிக்கு நூறு பந்தயத்துக்குக் குறையாது, ஒவ்வொரு தடவையும் எல்லாம் தெரிந்தேதான் இந்தக் கையை என்னிடம் நீட்டியிருக்கிறாள். விசிலை வாயிலிருந்து எடுத்தாள். வலக்கையை என் பக்கமாக நீட்டினாள், நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தாள்.